ரெண்டு பிளஸ்ஸுக்கு நடுவுல

"...விடுவேனா தம்பி? இன்னைக்கு ஹெட்மாஸ்டர் ரூம்லயே ரெண்டுல ஒண்ணு பாத்துருவேன். எம்மவ கிருபாவுக்கு முட்டை போட்டிருக்காரு, அந்தப் புது பிசிக்ஸ் வாத்தியாரு! அஞ்சு மார்க்கு கணக்கு... ஒத்த மார்க்கு கிடையாது. என்ன நியாயம்ங்கேன்?"

ஐந்தருவியில் பஸ் ஏறியதிலிருந்து தளவாய்க்கு வாய் ஓயவில்லை. பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆளும் கனம், குரலும் கனம். மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் அவர். மறு ஓரத்தில் அவரைப் போலவே பருத்த பலாப்பழ வியாபாரி, நல்ல உறக்கத்தில். நடுவில் ஒட்டடைக்குச்சி போல ஓர் இளைஞன்.

"கணக்கக் கேளுங்க. ரெண்டு மின்னூட்டம். ரெண்டும் பிளஸ்ஸு, ரெண்டும் ஒரே அளவு. சரியா நடுவுல ஒரு புள்ளி. அங்கன மின்புலம் எவ்வளவு? அம்புட்டுதான்! இங்கன இருந்து ஒம்பதாயிரம், அங்கன இருந்து ஒம்பதாயிரம். ஆக பதினெட்டாயிரம். நாந்தான் சொல்லிக்கொடுத்தேன். அவ என்ன சொல்லுதா தெரியுமா? 'யப்பா, ரெண்டும் எதிரெதிரா தள்ளும், சைபர்தான் வரும்'ங்கா. வந்துச்சே கோவம்! ஏட்டி, இருக்கது ரெண்டு பிளஸ்ஸு, சைபர் எப்பிடிட்டி வரும்? ஆயுசு பூரா கரண்ட்டோட கெடந்தவனுக்கு நீ பாடம் எடுக்கியான்னு ஒரு சத்தம் போட்டேன். பாவம், பரீச்சையில நான் சொன்னதத்தான் எழுதியிருக்கா... எப்பா, மெதுவா ஓட்டுய்யா! என்ன தம்பி, நெருக்குதா? அண்ணாச்சி அங்கருந்து தள்ளுதாரு, நான் இங்கருந்து தள்ளுதேன். நீங்க என்னன்னா நட்டுவச்ச கம்பு கணக்கா அசையாம இருக்கீய... பின்ன எப்பிடி அசைவீய? ரெண்டு பேரும் ஒரே கனம்லா? அவரு தள்ளுதது இங்கிட்டு, நான் தள்ளுதது அங்கிட்டு... ரெண்டையும் கூட்டுனா..."

தளவாயின் வாய் நின்றது. சந்தேகத்தோடு தோளால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். உறக்கத்திலேயே வியாபாரியும் பதிலுக்கு அழுத்தினார். இளைஞன் இருந்த இடத்திலேயே இருந்தான்.

"அடப்பாவி... சைபர்லா!"

அவர் குரல் இறங்கி வந்தது.

"சைபர்னு எழுத வேண்டிய எடத்துல பதினெட்டாயிரம் எழுதவச்சு, பிள்ளைக்கு சைபர் வாங்கிக் குடுத்தது நாந்தானா? அன்னையிலருந்து மொகங்குடுத்துப் பேசமாட்டுக்கா தம்பி... ஹெட்மாஸ்டருக்கு வேற போனப் போட்டு, வாத்தியார ரெடியா இருக்கச் சொல்லுங்கன்னு மெரட்டி வச்சிருக்கேன். பேசாம திரும்பிப் போயிரவா? போனா, எம்மவள்லா எல்லாரு முன்னாலயும் நின்னு முழிக்கணும்... இல்ல, நான் சொல்லித்தான் எழுதுனான்னு சொல்லிரணும். அந்த வாத்தியாரு கோவக்காரரா இருப்பாரோ? ஏன் தம்பி எந்திரிக்கீய? நீங்களும் இங்கனதான் எறங்கணுமா?"

தென்காசியில் பள்ளிக்கூட வாசலில் இருவரும் இறங்கினார்கள். கேட்டில் இருந்த காவலாளி இளைஞனைப் பார்த்து ஓடிவந்தார்.

"பிசிக்ஸ் சார், ஹெட்மாஸ்டர் ஒங்கள வரச் சொன்னாரு. யாரோ பட்டாளத்துக்காரரு சண்டைக்கு வாறாராம்!"

தளவாய் இளைஞனை ஏற இறங்கப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"சண்டை முடிஞ்சிட்டுவே," என்றார் காவலாளியிடம். "பட்டாளத்துக்காரரு பஸ்லயே தோத்துட்டாரு."