சோத்துக்கு ஊதுன கன்னியப்பன்

கேட்டுக்கோங்க. வெள்ளக்காரன் பட்டாளத்துக்கு ஆள் புடிச்ச காலம். வேலூருக்குத் தெக்க ஈச்சங்கரடுன்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல கன்னியப்பன்னு ஒருத்தர் இருந்தாராம். பட்டாளத்துல பியூகிள்னு ஒரு பித்தள ஊதுகொம்பு, அத ஊதற வேலை. மத்தவன் எல்லாம் மீசைய முறுக்கிக்கினு திரிய, நம்மாளு கன்னத்த உப்பிக்கினு திரிஞ்சாராம்! ஆனா அவர் ஊதுனாத்தான் பட்டாளமே எழுந்திருக்கும். அவர் ஊதுனாத்தான் சாப்பிடும். அவர் ஊதுனாத்தான் தூங்கும்.

கூடப் போனவன் அதே தெரு சாமிக்கண்ணு. சண்டையில செத்துட்டான். அங்கயே பொதைச்சிட்டாங்க. சண்டை முடிஞ்சி கன்னியப்பன் பியூகிளும் கையுமா ஊர் திரும்பினார். நேரா சாமிக்கண்ணோட அம்மா பூங்காவனம் வீட்டுக்குத்தான் போனார்.

அந்தம்மா அழல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்களாம். "எம்புள்ள சாவறப்ப சாப்பிட்டிருந்தானா?"

பொய் சொல்லியிருக்கலாம். மனுசன் உள்ளதச் சொல்லிட்டார்.

"சோத்துல கைய வெச்சான் பெரிம்மா. எதிரி வந்துட்டான்னு நான்தான் ஊதுனேன். அப்படியே போட்டுட்டு ஓடுனான்." சொல்லிட்டு ஓன்னு அழுதாராம்.

அழுது முடிச்சி பியூகிள எடுத்தாராம். "பொதைக்கிறப்ப ஊத முடியல, குண்டு விழுந்துக்கினு இருந்துச்சி. இங்க ஊதிடறேன் பெரிம்மா, கடைசி ஊதல்."

"அது சாவுக்கு ஊதறதாடா?"

"இல்ல பெரிம்மா. ஆதியில தெனம் ராத்திரிக்குன்னு வந்தது. காவல் எல்லாம் பாத்தாச்சி, எல்லாம் பத்திரம், இனி தூங்குன்னு அர்த்தம். அதையேதான் செத்தவனுக்கும் ஊதறோம்."

அந்தம்மா சட்டுனு அவர் கையப் புடிச்சிக்கிட்டாங்களாம். "இருடா. பசியோட எப்படிடா தூங்குவான்? மொதல்ல சோத்துக்கு ஊது."

சோறு வடிச்சி, கருவாட்டுக் கொழம்பு வெச்சி, எலை போட்டாங்க. கன்னியப்பன் ஊதுனார். துள்ளிக்கிட்டு வர்ற மெட்டாச்சே அது! எழவு வீட்டுல இன்னாடா கூத்துன்னு தெருவே வந்து எட்டிப் பாத்துச்சாம்.

ஊதி முடிச்சதும் அந்தம்மா எலையக் காட்டி, "உக்காரு. நீ தின்னாத்தான் அவனுக்குப் போய்ச் சேரும்"னாங்களாம்.

உக்காந்தார். அழுதுக்கினே தின்னார். அந்தம்மா பக்கத்துலயே இருந்து, ரெண்டாந்தரம் கொழம்பு ஊத்துனாங்களாம். கை கழுவிட்டுத்தான் கடைசி ஊதல ஊதுனார். அப்பதான் அந்தம்மா வாய்விட்டு அழுதாங்களாம்.

இன்னைக்கும் ஈச்சங்கரட்டுல பட்டாளத்துக்காரர் செத்தா ரெண்டு ஊதல் உண்டு. பொணம் கெடக்கற வீட்டுல உலை வெக்கமாட்டாங்க, அதனால பக்கத்து வீட்டுல பொங்கி எலை போடுவாங்க. மொத ஊதல் சோத்துக்கு. ஊதுனவர் அந்த எலையில உக்காந்து சாப்பிடணும். அவர் வயிறாரத் தின்னு எழுந்திருக்கற வரைக்கும், எந்த அதிகாரி வந்து நின்னாலும் சரி, அந்த ஊர்ல கடைசி ஊதல் கெடையாது.