அடைப்புக்குறி இல்லாத வரி

மூன்று மணிக் காப்பிக்கு நான் ஒருநாளும் தாமதித்ததில்லை. சுவீடனின் கோத்தன்பர்க்கில் எங்கள் அலுவலகத்தின் பெரிய முடிவுகளெல்லாம் ஏலக்காய் ரொட்டியோடு அந்த மேசையில்தான் எடுக்கப்பட்டன.

மருத்துவமனைகளில் நரம்பு வழியே மருந்து செலுத்தும் கருவிக்குக் கணினி நிரல் எழுதுவது என் தொழில். பத்தொன்பது ஆண்டுகள் எழுதினேன். ஒரு நிபந்தனையின் கீழ் ஒரே கட்டளை இருந்தால் அதை அடைப்புக்குறிக்குள் இடவேண்டியதில்லை என்று எங்கள் நிரல்மொழி சலுகை தருகிறது. அந்தச் சலுகையை நான் ஓரிடத்திலும் விட்டுவைக்கவில்லை. என் பக்கங்களில் கைவைக்க மற்றவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் எனக்கு இதமாக இருந்தது.

எங்கள் குழுவில் அன்னேலி மட்டும் அஞ்சவில்லை.

"பிர்யர், எல்லாத்துக்கும் அடைப்புக்குறி போட்டு விரிச்சு எழுதிடலாமே. நாளைக்கு நீங்க இல்லாட்டி நாங்க என்ன, ஜோசியம் பாத்தா படிக்கிறது?"

"கண்ணாடிய மாத்திப் பாரு அன்னேலி, நல்லாத் தெரியும்."

மேசையே சிரித்தது. மேலாளர் சிரிக்கவில்லை. இலையுதிர் காலத்தில் முழு நிரலையும் அவளே திருத்தி எழுதட்டும் என்றார். அதன்பின் நான் எதற்கு?

ஜூலையில் அலுவலகம் ஏறக்குறையக் காலியானது. நானும் விடுப்பில் போனேன். அப்போது ஒரு மருத்துவமனையிலிருந்து வந்த வேண்டுகோளுக்காக, 'நோயாளி குழந்தையானால்' என்ற என் நிபந்தனையின் கீழிருந்த ஒற்றைக் கட்டளைக்கு அடியில், மருந்தின் வேகத்தைப் பாதியாக்கும் இன்னொரு கட்டளையை அன்னேலி சேர்த்தாள். கண்ணுக்கு இரண்டுமே குழந்தைகளுக்கானவை. அடைப்புக்குறி இல்லாததால், எந்திரத்துக்கு இரண்டாவது கட்டளை எல்லா நோயாளிகளுக்குமானது. சோதித்தவர்கள் குழந்தைகளின் எடைகளை மட்டுமே கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக வந்தது.

இன்னொருவர் படித்துக் கையெழுத்திடாமல் எந்த மாற்றமும் வெளியே போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். விடுப்பு முடிந்து வந்ததும் அது என்னிடம் வந்தது.

"அவசரமில்ல, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. உங்க வரியில கைவெச்சிருக்கேன், உள்ளூரப் பயமா இருக்கு" என்றாள்.

முதல் பார்வையிலேயே பிழை தெரிந்தது. ஏதாவது ஒரு மருத்துவமனையில் எச்சரிக்கை ஒலிக்கும், அவள் தலைகுனிவாள், திருத்தி எழுதும் பேச்சு அடங்கும் என்று நினைத்தேன். கையெழுத்திட்டேன்.

எச்சரிக்கை ஒலிக்கவில்லை. கருவி தனக்கிட்ட கட்டளையைத்தானே செய்துகொண்டிருந்தது. ரூத் ஹெட்மன், டிராம் ஓட்டுநர், அறுபத்தொரு வயது. அவர் இதயத்துக்கு வேண்டிய மருந்தில் பாதிதான் உடலில் சேர்ந்தது. மூன்றாம் நாள் காலையில் இறந்தார்.

அன்னேலி பழி முழுவதையும் தன்மேல் போட்டுக்கொண்டு வேலையை விட்டாள். இறுதிச் சடங்கில் ரூத்தின் மகளிடம் மன்னிப்புக் கேட்டு அழுதாள். நான் அன்னேலியின் தோளைத் தாங்கி நின்றேன். அவள் எனக்கு நன்றி சொன்னாள்.

பிழையென்று தெரிந்தே அனுப்பினேன் என்று என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்தப் பக்கத்தில் நான் எழுதிய வரிகளில் இன்றுவரை ஒரு பிழையும் கிடையாது.