ஓசி டிக்கெட்டுக்கு ரெண்டு பீரங்கி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ். என் முன் சீட்டில் ஒரு கணவன், மனைவி. அவருக்கு மிலிட்டரி மீசை. மடியில் ராணுவ கேண்டீனில் வாங்கிய புது மிக்சி. கண்டக்டர் அந்த அம்மாவுக்கு மகளிர் இலவச டிக்கெட்டைக் கொடுத்ததும் கணவர் ஆரம்பித்தார்.

“இந்த ஓசி டிக்கெட்ட நிறுத்துனா ரெண்டு பீரங்கி வாங்கலாம்.”

நான் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

“பஸ்ஸு ஸ்டேட்டு, பீரங்கி சென்ட்ரலு. எப்படி வாங்குவீக?” என்று திரும்பினார் அந்த அம்மா.

“எல்லாம் சனங்க கட்டுற வரிதான ஸ்டெல்லா. நாட்டுக் காவலுக்குப் பொறவுதான் மத்ததெல்லாம்.”

“அப்ப இந்த மிக்சிக்கு வரியக் கொறச்சுக் குடுத்தாகளே, அது?”

“அது பட்டாளத்துக்காரனுக்கு அரசாங்கம் செய்யுற மரியாத.”

“ஒங்களுக்குன்னா மரியாத, எனக்குன்னா ஓசியா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் நகரவே இல்லை.

“நான் இருவது வருசம் பனியில நின்னவன்.”

“நின்னீக, யாரு இல்லைன்னது? அந்த இருவது வருசமும் தேவதானத்துல ஒங்க தோப்பு, ஒங்க அம்மா, மூணு பிள்ளைக, அம்புட்டையும் காத்தது யாரு? எந்த பட்ஜெட்டுல எனக்கு ஒதுக்குனாக? இப்பத்தான் ஒரு டிக்கெட்டு வருது.”

மீசை கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்டக்டரைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

“தம்பி, டிக்கெட்ட மரியாதையாக் குடுங்க. அவுகளும் எக்ஸ் சர்வீஸ்தான்.”

“எக்ஸெல்லாம் இல்ல,” என்றார் அந்த அம்மா, மிக்சியைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டே. “நான் இன்னும் ரிட்டயர் ஆகல.”