பிஷப்பின் தொட்டியில் விட்ட மீன்கள்

காபி ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், மாப்பிள்ளை. இந்த வீட்டில் நான் ஒழுங்காகச் செய்கிற ஒரே காரியம் அதுதான். மீன் வளர்ப்பு அல்ல என்பது ரிச்சர்ட்ஸ் டவுன் முழுக்கத் தெரியும்.

சர்க்கரையைத் தேடப்போன நீங்கள் அந்த மருந்து பாட்டிலை எடுத்துவந்து மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். மூடியின் சீல் உடையவில்லை. "மாமா, இதை ஊத்திட்டதா லவினாகிட்ட சொன்னீங்களே?" என்கிறீர்கள். நியாயமான கேள்வி. பதிலும் நியாயமாகவே இருக்கும். உட்காருங்கள்.

உங்கள் மாமியார் ஜோசஃபின் இறந்த பிறகு, வீட்டில் ஏதாவது அசையட்டும் என்று இந்த உப்புநீர்த் தொட்டியை வாங்கினேன். முதலில் வந்தது அந்த ஆரஞ்சுக் கோமாளி மீன். வெள்ளைப் பட்டைகளோடு அங்கி போட்டதுபோல் வலம் வந்ததால் பிஷப் என்று பெயர் வைத்தோம். துணைக்கு ஒரு நீல மீனை விட்டேன். சில நாளில் அதன் மேலெல்லாம் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். மூச்சு வாங்கியது, பாறை ஓரம் சாய்ந்தது, செத்துப்போனது.

லவினாவுக்கு, அதாவது உங்கள் மனைவிக்கு, போன் செய்தேன். பொம்மனஹள்ளியிலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் பாதி ஆயுள் டிராஃபிக்கில் போய்விடும். கல்யாணத்துக்குப் பிறகு ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் அவள் வந்தாலே பெரிது. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். மீனை டிஷ்யூ பேப்பரில் சுற்றி, கொய்யா மரத்தடியில் புதைத்து, சின்னதாக ஜெபம் சொன்னாள். நான் மஞ்சள் சோறும் கைமா உருண்டைக் குழம்பும் செய்தேன். கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"மம்மி செய்யிற மாதிரியே இருக்கு டாடி. உப்பு மட்டும் மீன் தொட்டியிலேர்ந்து எடுத்தீங்களா?"

சாயங்காலம் வரை இருந்தாள். எப்போது வருவாய் என்று நீங்கள்தான் போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

கடைக்காரர் வெங்கடகிருஷ்ணன் நல்ல மனிதர். ஒளிக்காமல் சொன்னார். "சார், பழைய மீன் தாக்குப்பிடிச்சிடுச்சு. ஆனா நோய் தொட்டியிலயே இருக்கு. அந்த மீனைத் தனி டப்ல விட்டு இந்த மருந்து ஊத்துங்க. பெரிய தொட்டி ரெண்டரை மாசம் மீனே இல்லாம சும்மா கெடக்கட்டும். அதுக்கு முன்னாடி புதுசா எதை விட்டாலும் சாவுதான்."

மருந்து வாங்கினேன். டப்பும் வாங்கினேன். அந்த டப்பில்தான் போன கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரத்துக்கு மாவு பிசைந்தேன், நன்றாயிருக்கிறது என்றீர்கள்.

ரெண்டரை மாசம், மீனே இல்லாமல். யோசித்துப் பாருங்கள். புது மீன் வந்திருக்கிறது, பார்க்க வா என்று அவளைக் கூப்பிட முடியாது. செத்துவிட்டது, வா என்றும் கூப்பிட முடியாது.

அதனால் இன்னொரு மீன் வாங்கினேன். பிறகு வேறொன்று. வேறு கடையில்தான்; வெங்கடகிருஷ்ணன் கேள்வி கேட்பார். பார்க்க ஒருமுறை வந்தாள், புதைக்க ஒருமுறை வந்தாள். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஒவ்வொன்றுக்கும் சாகிறவரை பூண்டுச் சாற்றில் ஊறவைத்த தீனி கொடுத்தேன். கண் கூசுமே என்று விளக்கை அணைத்து வைத்தேன். முதல் புள்ளி தெரிந்த அன்றே கறிக்கடையில் கைமாவுக்குச் சொல்லிவிடுவேன். கடைசி நேரத்தில் போனால் நல்லதாகக் கிடைப்பதில்லை. இந்த வருஷம் கொய்யா காய்த்த காய்ப்பை நீங்களே பார்த்தீர்கள்.

அப்புறம் உங்களுக்கு டப்ளினில் வேலை கிடைத்தது. சந்தோஷம். லவினா தானே போய் ஒரு மஞ்சள் மீனை வாங்கிக்கொண்டு வந்தாள்.

"நான் போயிட்டா உங்களுக்குத் துணைக்கு ஆள் வேணும்ல? இதுக்கு என் பேரையே வெச்சிருங்க. தொட்டி இப்ப சரியாயிடுச்சுல்ல டாடி?"

"மருந்தெல்லாம் ஊத்தியாச்சும்மா," என்றேன்.

பையோடு தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவளையே திறந்துவிடச் சொன்னேன். பிஷப் வந்து விசாரித்துவிட்டுப் போனார். மஞ்சள் மீன் அழகாக நீந்தியது. நான் உங்கள் டிக்கெட் தேதியை வைத்து மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவன், விடை தப்பவில்லை.

இந்தத் தடவை மரத்தடியில் அவள் ஜெபம் சொல்லவில்லை. என் தோளில் சாய்ந்து அழுதாள். "ஒரு மீனைக்கூட உங்களால பாத்துக்க முடியல. உங்களைத் தனியா விட்டுட்டு நான் எப்படி டாடி போறது? க்ளென் மொதல்ல போகட்டும்." உங்களைத்தான் சொன்னாள்.

"போம்மா, என்னைப் பத்தி யோசிக்காதே," என்றுதான் சொன்னேன். வேண்டுமானால் அவளையே கேளுங்கள்.

ஆக, ஆமாம். தொட்டியில் நோய் இருப்பது எனக்குத் தெரியும். விட்டால் செத்துவிடும் என்பதும் தெரியும். அவள் பெயர் வைத்த மீனையும் தெரிந்தேதான் விடச் சொன்னேன். இதை அவளிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு மீன் வாங்கி வருகிறாளாம், ஒன்றுக்கொன்று துணையாக இருக்கட்டும் என்று. வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. கைமாவுக்குச் சொல்லியாயிற்று. நீங்கள் தாராளமாகக் கிளம்புங்கள், மாப்பிள்ளை. நான் யாரையும் பிடித்து நிறுத்துகிற ஆள் இல்லை.