நிஜார் போட்ட கண்ணாடி

அந்த நிஜார மட்டும் புடிச்சு இழுக்காதீங்க தம்பி! வஜ்ஜிரம் போட்டு ஒட்டினது அது, இழுத்தா தங்கப்பூச்சும் சேந்து உரிஞ்சி வந்துடும்... ஆங், வுட்டுடுங்க. அப்பிடியே வுட்டுடுங்க.

இன்னா, திரைக்குப் பின்னால இருக்கற பொம்பளைக்கு எப்பிடித் தெரிஞ்சிதுன்னு பாக்கறீங்களா? அத அப்பறமா சொல்றேன். மொதல்ல நிஜார் கதைய கேளுங்க. இல்லன்னா கண்ணாடி வாங்க வந்த நீங்க வேலூருக்குத் திரும்பிப் போயி, ஆம்பூர்ல ஒரு பைத்தியக்கார வூட்ல கண்ணாடிக்குத் துணி போட்டு வெச்சிருக்காங்கன்னு நீங்க பாட்டுக்கு சொல்லினு திரிவீங்க.

வேலூர்ல யாரோ ஒரு துரை சீமைக்குத் திரும்பிப் போறாருன்னு சாமானெல்லாம் ஏலம் போட்டாங்க. எங்க வூட்டுக்காரரு நாற்காலி வாங்கத்தான் போனாரு. சமத் சாயிபுன்னா தெரியுமே, தோல் மண்டி வெச்சிருக்காரே, அவருதான். நாற்காலி வாங்கப் போன மனுஷன், மாட்டு வண்டியில ஆள் ஒசரத்துக்கு இந்தக் கண்ணாடிய ஏத்தினு வந்து எறங்கறாரு. பழங்காலத்து சாமானாம். இந்த மாதிரி ஆற்காட்டு நவாபு வூட்ல கூட இல்லியாம். இவரு எந்த நவாபு வூட்டுக்குப் போயி பாத்தாரோ! சரி, தொலையட்டும்னு கோணிய பிரிச்சா... யா அல்லா! சட்டத்துக்கு மேல அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு, ரெக்க மொளச்ச வெள்ளக்காரக் கொழந்தைங்க. கொழுகொழுன்னு இருக்குதுங்க. ஒடம்புல ஒட்டுத்துணி இல்ல!

தொழுவற வூடு தம்பி இது. செதுக்கி எடுத்துடுங்கன்னு சொன்னேன். பழசு, கை வெச்சா மதிப்பு பூடும்னாரு. ராவெல்லாம் யோசிச்சாரு. காலைல மண்டியிலேருந்து நல்ல ஆட்டுத்தோலா ஒரு துண்டு எடுத்தாந்து, செருப்பு தெக்கிறவர வரவழைச்சு, அளவெடுத்து, ரெண்டு நிஜார் தெச்சு மாட்டிட்டாரு. இடுப்புப் பட்டைகூட உண்டு, பாருங்க. பெத்த பொண்ணுக்கு ஒரு நல்ல செருப்பு தெச்சுக் குடுக்கல, மரக் கொழந்தைக்கு நிஜாரு!

சிரிக்காதீங்க. என் பேஜாரு உங்களுக்கு சிரிப்பா இருக்குது இல்ல?

எடுத்துனு போய்டுங்க தம்பி. வெலையப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது, அவ்ளோதான். ஜும்மா முடிஞ்சதும் குடியாத்தத்திலேருந்து மாப்பிள்ள வூட்டுக்காரங்க வர்றாங்க. இதுவும் தட்டிப் போச்சுன்னா என் பொண்ணு பில்கிஸ சர்தார் பாஷாவுக்கு ரெண்டாந்தாரமா நிக்காஹ் பண்ணிடறேன்னு இவரு சத்தியம் பண்ணினு உக்காந்திருக்காரு. சர்தார் பாஷா யாரா? மண்டியில இவரு கூட்டாளி. தாடிக்கு மருதாணி போட்டுனு செவசெவன்னு வருவாரு. அவரு மகனுக்கே மீச நரைச்சுப் போச்சு தம்பி!

எல்லாம் இந்தக் கண்ணாடியால வந்த வெனை. எப்பிடின்னு கேளுங்க. கேக்க மாட்டீங்களா? நானே சொல்றேன்.

மேல நிமிந்து பாருங்க. இந்தத் திரைக்கு மேல ஒரு சாண் எடவெளி இருக்குதா? கண்ணாடி லேசா முன்னால சாஞ்சினு இருக்குதா? நான் இங்க பலகை போட்டு உக்காந்து அண்ணாந்து பாத்தா, கூடம் மொத்தமும் அதுல தெரியும். உங்க பக்கம் வெளிச்சம், எங்க பக்கம் இருட்டு. உங்களுக்கு நாங்க தெரிய மாட்டோம். அட, ஏன் வெறப்பா நிக்கறீங்க? நல்லா நில்லுங்க, ஒண்ணும் தப்பில்ல.

எங்க ஜனங்கள்ல மாப்பிள்ளைய கூடத்துல உக்கார வெச்சுட்டு, பெரியவங்க எல்லாம் உள்ள போயி கொஞ்ச நேரம் பேசுவாங்க இல்ல, அந்த நேரம் பையன் தனியா இருப்பான். எதுக்க ஆள் ஒசரக் கண்ணாடி. சும்மா இருப்பானா?

மொதல்ல வந்தது வாணியம்பாடிப் பையன். துருக்கி தொப்பிய இந்தப் பக்கம் சாச்சான், அந்தப் பக்கம் சாச்சான், நெத்திக்கு எறக்கினான், பொடனிக்கு ஏத்தினான். கடைசியா ஒரு மாதிரி அமைஞ்சிது போல. புருவத்த ஒசத்தி, கண்ணாடியில இருக்கறவனுக்கு ஒரு சலாம் வெச்சான் பாருங்க! எம்பக்கத்துல உக்காந்து பாத்துனு இருந்த பில்கிஸ் முந்தானைய வாய்ல அடைச்சினு உள்ள ஓடிட்டா. மாட்டேன்னுட்டா.

அப்பறம் பேர்ணாம்பட்டு. ஆற்காட்டு மக்கன் பேடா வெச்சிருந்தோம். வந்தவன் ஒண்ணு தின்னான், ரெண்ட ஜோபியில போட்டான். போட்டுட்டு, ஜோபி பொடச்சினு தெரியுதான்னு கண்ணாடி முன்னால திரும்பித் திரும்பிப் பாக்கறான்! சக்கரப் பாகு எறங்கி சட்ட நனைஞ்சது அவனுக்குத் தெரியல, எங்களுக்குத் தெரியுது. அதுவும் போச்சு.

மூணாவது ஒரு வாத்தியாரு. தங்கமான பையன்னாங்க. "மாமா, எனக்கு சைக்கிள் வேணாம்"னு கண்ணாடியப் பாத்து சிரிச்சினே சொல்லிப் பாத்தான். அப்பறம் அதையே சோகமா சொல்லிப் பாத்தான். அப்பறம் நெஞ்சுல கை வெச்சு சொன்னான், கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவனுக்கு. எனக்கே மனசு எளகிப் போச்சு தம்பி. இவரு உள்ளேருந்து வந்தாரு. இவரப் பாத்த ஒடனே, "மாமா, சைக்கிள் எப்ப வாங்கித் தர்றீங்க?"ங்கறான்!

இவருக்கு இந்தத் திரை சமாச்சாரம் ஒண்ணும் தெரியாது. பொண்ணுக்கு ஜின்னு புடிச்சிருக்குதுன்னு ஓதிப் பாக்க ஆள் கூட்டினு வந்தாரு. வந்த ஹஜரத்தும் தனியா உக்காந்திருந்தப்ப பல்லு குத்தினாரு... அத வுடுங்க, பெரியவரு.

இன்னா கேக்கறீங்க? கண்ணாடிய சாச்சு மாட்டினது யாரா?

அது... நாந்தான் சாச்சேன். மேல, சட்டத்துக்குப் பின்னால ஒரு ஆப்பு வெச்சேன். அதனால இன்னா இப்ப? மேல்விஷாரத்துல எனக்கு நிக்காஹ் ஆனப்ப அவரு மொகத்த நான் பாக்கவேல்ல தம்பி. ராஜா மாதிரி இருப்பாருன்னாங்க. வந்து பாத்தா, தூங்கறப்பவும் தோல் வெல சொல்ற மனுஷன்! எம்பொண்ணுக்கு அப்பிடி ஆவக் கூடாதுன்னு நெனைச்சேன். நெனைச்சது தப்பா? இப்ப அவ யாரையும் வேணாம்ங்கறா. பாத்தா யாரத்தான் புடிக்கும் சொல்லுங்க! பாக்காம இருந்தா கட்டிக்குவா. அதான் எடுத்துனு போங்கறேன்.

நீங்க இன்னா கண்ணாடி யாவாரி தம்பி? வந்ததுலேருந்து பாக்கறேன், முதுகுப் பக்கம் பாக்கறீங்க, ரசம் போன எடத்த தட்டறீங்க, மொகத்த மட்டும் பாக்கவே இல்ல. தாடியில பொரி ஒட்டினு இருக்குது. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்... இன்னும் கீழ... அட, கண்ணாடி எதுக்கதான இருக்குது, பாத்துத் தொடைங்களேன்! தலைய குனிஞ்சினு தடவறாரு பாரு!

இன்னாடி, ஏன் கிள்ற? கொஞ்சம் இருங்க தம்பி, உள்ள எம்பொண்ணு என்னமோ சொல்றா... எப்ப? நெசமாவா?

தம்பி, நூல் புடிச்சு அளக்கறப்ப அந்தக் கொழந்த மூக்குல உங்க கை பட்டுச்சாமே. "மாப்பு"ன்னு அதுகிட்ட மன்னிப்பு கேட்டீங்களாமே. மரக் கொழந்தகிட்டயா? யாரும் பாக்கலன்னு நெனைச்சினு சொன்னீங்களா?

இல்ல, சும்மா கேட்டேன். நூல சுத்தாதீங்க, இருங்க. அத்தா பேரு இன்னா? எந்தத் தெரு? கூடப் பொறந்தவங்க எத்தன பேரு? கண்ணாடி எங்கியும் போவாது, அத வுடுங்க. கேக்கறேனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க தம்பி... நிக்காஹ் ஆயிடுச்சா?

தம்பி! ஏன் தம்பி... வாசல் அந்தப் பக்கம் இல்ல, அது சமையக்கட்டு! இந்தப் பக்கம்... ஐயோ, செருப்பு! செருப்ப வுட்டுட்டுப் போறாரே! கண்ணாடி ஏத்த கொண்டாந்த வண்டியும் வாசல்லயே நிக்குது!

அடியே பில்கிஸ், பாத்தியாடி! வந்தவன் ஒவ்வொருத்தனும் போறப்ப ஒரு தடவ தொப்பிய சரி பண்ணினுதான போனான்? இவரு ஓடறப்பகூட கண்ணாடிப் பக்கம் திரும்பலடி. பொரி இன்னும் தாடியிலயே இருக்குது! சிரிக்காத, அந்த செருப்ப எடுத்து பத்திரமா உள்ள வெய்யி. செருப்புக்காவது வருவாரு இல்ல!