சீமைக் கோதுமை அவல்

காலையில் எனக்குப் பழங்கஞ்சியும் ஒரு துண்டுச் சாளைக் கருவாடும் போதும். எழுபது வருடமாக அதுதான். எங்கள் வீட்டில் அரிசி விலைக்கு வாங்கியதில்லை, இன்ஸ்பெக்டர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகன் ஜெபதாசுக்கு நீரில் சர்க்கரை இருப்பதாக மிஷன் டாக்டர் சொன்னார். அரிசியும் கருப்பட்டியும் அவனுக்கு விஷம் என்றார். என் வயலில் விளைந்ததை என் முகத்துக்கு நேரே விஷம் என்றார். பதிலாகத் தகர டப்பாவில் வரும் சீமைக் கோதுமை அவலைத் தின்னச் சொன்னார்.

மருமகள் ராகேல் அதைப் பிடித்துக்கொண்டாள். காலையில் பாலில் ஊறவைத்தாள். பொடித்து, நெய்மீனை அதில் புரட்டிப் பொரித்தாள். தேங்காய்ப்பூ சேர்த்துப் புட்டு அவித்தாள். ஆறு மாதத்தில் அவன் உடம்பு தேறியது. அதை நான் மறுக்கவில்லை.

அறுப்பின் பண்டிகைக்கு நாங்கள் கோயிலில் முதல் கதிர்க்கட்டைப் படைப்போம். படைத்ததையெல்லாம் சபையில் ஏலம் விடுவார்கள்; என் பாட்டா காலத்திலிருந்து அது அந்தக் கட்டில்தான் தொடங்கும். போன வருடம் ராகேல் அதன் பக்கத்தில் கோதுமைப் புட்டையும் கொண்டு வைத்தாள். ஏலம் விட்ட ஞானையன் தட்டைத் தூக்கிப் பிடித்தான்.

"மூப்பர் வீட்டு நெல்லெல்லாம் எலி கொண்டு போச்சா மக்கா? தகரத்தத் தொறந்துல்லா திங்காவ."

சபை சிரித்தது. போதகரும் சிரித்தார். யாரும் கேட்காத தட்டை என் மகனே ஏலத்தில் எடுத்து, நின்றபடியே தின்றான். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் இதை நிறுத்தச் சொன்னேன். "சோத்தத் தின்னா செத்துருவேன் அப்பா" என்றான். ஆண்பிள்ளை பேசும் பேச்சா அது.

அதன் பிறகு நான் கோயிலுக்குப் போவதில்லை. அவர்கள் போகும் ஞாயிறுகளில், எங்கள் சிவப்பு நெல்லில் இடித்த அவலை வறுத்தேன். நிறம் ஒத்துவரக் கருப்பட்டிப் பாகு தெளித்து மறுபடி வறுத்தேன். டப்பாவில் இருந்ததைத் தொழுவத்தில் மாட்டுக்குக் கொட்டிவிட்டு இதை நிரப்பினேன்.

"இதென்ன மாமா, இனிக்குது?" என்று ராகேல் கேட்டாள். புதுச் சரக்கு அப்படித்தான் என்றேன். ஜெபதாஸ் மட்டும், "ஏட்டி, இந்த டப்பா கொள்ளாம்" என்று ருசியை மெச்சி இன்னொரு தடவை வாங்கித் தின்றான்.

பிறகு குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். கால் புண் ஆறவில்லை. எலும்பும் தோலுமானான். பார்த்துக்கொண்டுதான் நிரப்பினேன். ஏழாவது ஞாயிறு நினைவு தப்பியது. செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்தோம். டப்பாச் சாப்பாடு போட்டே அவள் புருஷனைக் கொன்றாள் என்று ஊர் பேசியது. நான் மறுத்துப் பேசவில்லை. அவள்தான் டப்பாவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே ஒன்று எழுத வேண்டும். ஊர் சிரித்த அந்தக் கோதுமையில் ஒரு துணுக்குகூடச் சாகும்போது அவன் வயிற்றில் இல்லை. என் மகன் அப்பன் வீட்டு அரிசியைத் தின்றான். கொள்ளாம் என்றும் சொன்னான்.