மச்சானின் பெயர்

மரக் கங்காரு அறுபது அடி உயரத்திலிருந்து குதித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. எழுந்து உடம்பை உதறிக்கொண்டு பெரணிப் புதருக்குள் போய்விடும். பக்கத்து மரத்தில் ஆள் ஏறினால் போதும், தானாகவே கீழே குதிக்கும். வாலைப் பிடித்து, அது போகுமிடம் அறியக் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி விட்டுவிடுவோம். முன்பு இப்படித்தான் பிடித்துத் தின்றோம். நாங்கள் வாழும் சரூவாகெட் மலையில் அவை அருகிப்போன பிறகு, எங்கள் குலங்கள் கூடி மேல்காட்டில் வேட்டையை நிறுத்தின.

நான் கிபே என்று பெயர் வைத்த பெட்டைக்குப் பையில் குட்டி இருந்தது. ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான். அது பையை விட்டு இறங்கவே ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும்.

ஒருநாள் என் மனைவியின் அண்ணன் சுடுகல் குழியில் வெந்த இறைச்சியை இலையில் பொதிந்து கொண்டுவந்தான். மச்சான் தரும் இறைச்சியை என்னவென்று கேட்பது எங்களிடம் மரியாதை இல்லை. தின்றேன். இன்னொரு துண்டும் கேட்டு வாங்கினேன். மறுநாள் ரேடியோ கருவியோடு தேடிப் போனபோது, கிபேயின் பட்டை அவனுடைய பன்றிப் பட்டிக்குப் பின்னால் கிடந்தது.

அவன் மறைக்கவில்லை.

"பையில இருந்த பிஞ்ச உங்க இலையிலதான் வச்சேன் மச்சான். குலக் கூட்டத்துல போய்ச் சொல்லுங்களேன். என் பேரச் சொல்ல உங்களுக்கு வாய் வராதே" என்று சிரித்தான்.

மனைவியின் உடன்பிறந்தவர்களை நாங்கள் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எல்லோரும் மச்சான்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த கங்காருவுக்குப் பட்டை மாட்டப் போனோம். அவன் ஒரு மரத்தில் ஏற வேண்டும், அவன் தம்பி இன்னொன்றில். எந்த மரம் தாங்கும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அவனுடைய மரத்தைக் கத்தியின் முதுகால் தட்டினேன். உள்ளே ஒன்றுமில்லாத சத்தம் வந்தது.

"தாங்குமா மச்சான்?"

"தாங்கும்."

அவன் உச்சியை நெருங்கியபோது மரம் முனகியது. சொல்லியிருந்தால், பக்கத்துக் கிளைக்குத் தாவ அவனுக்கு நேரம் இருந்தது. ஆனால் மச்சான் என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புவார்கள். பெயரைத்தான் சொல்ல வேண்டும். வழக்கத்தை மீற எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மரம் முறிந்தது. கங்காருவும் குதித்தது. உதறிக்கொண்டு பெரணிக்குள் போனது.

இறந்தவன் பெயர் என்ன என்றுதானே முதலில் கேட்டீர்கள். மனாவே.

வாக்குமூலம் எழுதுகிறவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. மனாவே. இன்னும் சத்தமாகக்கூடச் சொல்கிறேன்.